தண்ணீர் வில்லங்கம்

1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ஆண்ட்ரூ என்ற புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. மயாமி நகருக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் வரிசை வரிசையாக வீடுகள் கூரையிழந்தன. மூன்று மாதம் கூட ஆகவில்லை, நவம்பர் நடுவில் பொதிகை மலையில் வானம் பொத்துக்கொண்டது. மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து கீழே கடல் வரை வயலும் தெருவும் ஒன்றாயின.

ஆண்ட்ரூவுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்த தொகை ஏறத்தாழ 1,550 கோடி டாலர். தாங்க முடியாமல் பல நிறுவனங்கள் திவாலாயின. தாக்குப்பிடித்தவை கணக்கைப் புதிதாகப் போட்டன, பிரீமியம் ஏறியது. தாமிரபரணிக் கரையில் எந்தப் பிரீமியமும் ஏறவில்லை, ஏறுவதற்கு அங்கே பிரீமியமே கிடையாது. சகதியை வாரிக் கொட்டினார்கள், நகையை அடகு வைத்தார்கள், அடுத்த பிசானப் பருவத்துக்கு விதைநெல் தேடினார்கள்.

அங்கே ஆபத்துக்கு ஒரு விலை எழுதப்பட்டிருந்தது, அது ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். இங்கே விலை எழுதப்படவில்லை. ஆனாலும் கொடுக்கத்தான் செய்தோம், அடகுக்கடையில், கந்துவட்டியில், பாதியில் நின்ற படிப்பில். வெள்ளத்தின் விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அது ஏன் ஏறுகிறது, அதைத் தெரிந்துகொள்வதால் ஆழ்வார்குறிச்சி போன்ற ஒரு ஊருக்கு என்ன பயன் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

மழையின் கனம்

ஆழ்வார்குறிச்சி மலையடிவாரத்து ஊர். மேற்கே சிவசைலம், அதற்கும் மேலே கடனாநதி அணை. அங்கிருந்து இறங்கும் கடனா, ராமநதியின் நீரையும் சேர்த்துக்கொண்டு திருப்புடைமருதூர் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது ஊரின் முகவரி மாறியது. ஆனால் கடனாவில் வரும் தண்ணீர் இன்றும் நெல்லை வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மேலே பெய்வது கீழே இருப்பவர் தலையில் விடியும் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்படை இயற்பியல்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். பாபநாசம் அணையின் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அரை மீட்டர் மழை, அதாவது 500 மில்லிமீட்டர், சுமார் 310 சதுர கிலோமீட்டரில் பெய்து அப்படியே ஓடிவந்தால் காலியாக இருக்கும் பாபநாசம் அணை நிரம்பிவிடும். தாமிரபரணியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு அதைப்போலப் பல மடங்கு. அணைகள் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் டிசம்பரில் இப்படி ஒரு மழை வந்தால், எந்தப் பொறியாளராலும் அதைத் தேக்கிவைக்க முடியாது. எவ்வளவு வேகத்தில் கீழே விடுவது என்பது மட்டுமே அவர் கையில் இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அப்படி ஒரு மழை வந்தது. 18-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். குளங்கள் உடைந்தன. மலை நீரும் சமவெளி மழையும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் ஆற்றுக்கு மூச்சுவிட இடமில்லை.

கவனிக்க வேண்டியது, இது புயலே அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட ஒரு மேலடுக்குச் சுழற்சி, வங்கக்கடலின் ஈரக்காற்றை இழுத்துவந்து ஒரே இடத்தில் கொட்டியது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் என்று பெயர் வைத்த புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரைக்குப் போயிருந்தது. ஆபத்தை அளக்கப் புயல் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், ஆழ்வார்குறிச்சியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் பாதுகாப்பான இடங்கள் என்று குறித்துவிடுவார்.

இனி வரும் ஆண்டுகளில் இது குறையுமா? காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மழை நாட்களின் எண்ணிக்கை அதனால் கூடும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெய்கிற அன்று கொட்டித் தீர்ப்பதற்கான சரக்கு வானத்தில் கூடுதலாக இருக்கும். காப்பீட்டுக் கணக்கர்களுக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான்.

தீ ஒரு கணக்கு, வெள்ளம் வேறு கணக்கு

ஒரு ஊரில் 1,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஓராண்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு 500-இல் ஒன்று. பிடித்தால் சேதம் 5 லட்சம் ரூபாய். சராசரியாக ஆண்டுக்கு இரண்டு வீடு எரியும், ஊருக்கு இழப்பு 10 லட்சம். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் பொதுப்பணம் சரியாக இருக்கும். சில ஆண்டு ஒரு வீடும் எரியாது, சில ஆண்டு நான்கு எரியும். ஆறு அல்லது அதற்கு மேல் எரியும் ஆண்டு, 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வீடுகளின் எண்ணிக்கையை ஒரு லட்சமாக்கினால் ஆண்டுக்கு 200 வீடு எரியும். அந்த எண் 170-க்குக் கீழோ 230-க்கு மேலோ போவது அபூர்வம். ஆள் சேரச் சேர எதிர்காலம் தெளிவாகிறது. காப்பீடு என்ற தொழிலே இந்த ஒரு கணித உண்மையின் மேல்தான் நிற்கிறது.

அந்த உண்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வீடு எரிவதற்கும் இன்னொரு வீடு எரிவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. வெள்ளம் இந்த நிபந்தனையை உடைத்துவிடுகிறது.

அதே 1,000 வீட்டு ஊரில் பள்ளத்தில் 400 வீடுகள். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் அந்த 400 வீடும் மூழ்கும், வீட்டுக்கு 2 லட்சம் சேதம். மொத்தம் 8 கோடி. 50 ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 16 லட்சம், வீட்டுக்கு 1,600 ரூபாய். பார்த்தால் எளிதாகத் தெரிகிறது. ஆனால் வெள்ளம் 50-ஆவது ஆண்டில்தான் வருவேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாவது ஆண்டிலேயே வந்தால் பெட்டியில் இருப்பது 48 லட்சம், தேவைப்படுவது 8 கோடி.

ஆகவே முதல் நாளிலிருந்தே 8 கோடியைத் தயாராக வைத்திருக்க ஒருவர் வேண்டும். எந்த நிமிடமும் முழுத்தொகையும் போய்விடலாம் என்று தெரிந்தே அவர் பணம் போடுகிறார். வங்கி வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 5 சதவீதம் அவர் கேட்டால் 40 லட்சம் ஆகிறது, வீட்டுக்கு 4,000 ரூபாய். இப்போது பிரீமியம் 5,600. சராசரிச் சேதத்தின் விலை 1,600, அது எப்போது வரும் என்று தெரியாததன் விலை 4,000. வெள்ளக் காப்பீடு ஏன் தீக்காப்பீட்டைவிட இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

கதை அதோடு நிற்பதில்லை. மேட்டுத்தெருவில் இருக்கும் 600 வீட்டுக்காரர்கள் ஒருநாள் யோசிப்பார்கள்: நம் வாசலுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை, நாம் ஏன் 5,600 கட்ட வேண்டும்? அவர்கள் விலகிவிட்டால் 56 லட்சமும் பள்ளத்து 400 வீட்டின் தலையில். வீட்டுக்கு 14,000. வெள்ளம் 25 ஆண்டுக்கு ஒருமுறை என்று மாறினால் இன்னும் ஏறும். அந்த விலையைக் கட்ட முடியாத வீடுகள் விலகும். மிஞ்சுவது காப்பீடே இல்லாத ஒரு பள்ளத்தெரு. ஃபுளோரிடாவின் கடற்கரையில் இன்று நடப்பதும், தாமிரபரணிக் கரையில் என்றுமே காப்பீடு வேரூன்றாமல் போனதும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

சுவிஸ் மலையடிவாரத்தில் பிறந்த யோசனை

1861 மே மாதம், சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் என்ற மலையடிவார ஊரில் தீப்பிடித்தது. மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த காற்று அன்று பலமாக வீசியதால், ஒரே இரவில் ஊரின் பெரும்பகுதி சாம்பலானது. காற்று சேர்ந்துகொண்டதும் தீயே வெள்ளத்தின் குணத்தைக் காட்டியது, வீட்டுக்கு வீடு தொடர்பு உண்டாகிவிட்டது. காப்பீடு கொடுத்தவர்களின் கையிருப்பு போதவில்லை. அந்தப் பாடத்திலிருந்து 1863-இல் சுவிஸ் ரீ பிறந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருவது அதன் வேலை. 1880-இல் ஜெர்மனியில் மியூனிக் ரீ வந்தது. இந்தியாவில் அந்த வேலையை முதன்மையாகச் செய்வது அரசின் ஜிஐசி ரீ.

மறுகாப்பீட்டின் தர்க்கம் அழகானது. ஆழ்வார்குறிச்சி போன்ற ஒரு ஊரின் பள்ளத்து 400 வீடுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. ஆனால் ஆழ்வார்குறிச்சி வெள்ளத்துக்கும் ஜப்பானின் நிலநடுக்கத்துக்கும், ஆஸ்திரேலியாவின் புயலுக்கும் தொடர்பு இல்லை. ஊருக்குள் உடைந்துபோன கணித உண்மை உலக அளவில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒரே 8 கோடியைப் பல நாடுகளின் ஆபத்துக்குப் பொதுவாக வைக்கலாம். தனக்கென்று தனியாக ஒதுக்கிவைத்தால் வீட்டுக்கு 4,000 ஆகும் செலவு, பகிர்ந்துகொண்டால் வெகுவாகக் குறையும்.

அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. உலகம் ஒரே பெட்டியில் பணம் போட்டால், ஓரிடத்தில் பெட்டி காலியாகும்போது எல்லோருக்கும் கட்டணம் ஏறும். 2022 செப்டம்பர் 28-இல் இயான் புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியது. காப்பீட்டு இழப்பு 5,000 முதல் 6,000 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்டது. அடுத்த ஜனவரியில் உலகெங்கும் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, பல ஆண்டுகளில் காணாத ஏற்றம். இந்திய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் ஏப்ரல் 1-இல் புதுப்பிக்கப்படும். மெக்சிகோ வளைகுடாவில் அடித்த காற்று, திருநெல்வேலியில் ஒரு அரிசி ஆலையின் பாலிசிக் கட்டணத்தைத் தொட வழி இருக்கிறது.

பத்தாயிரம் ஆண்டு மழை

ஆண்ட்ரூவுக்கு முன்னால் அமெரிக்க நிறுவனங்கள் கடந்த இருபது முப்பது ஆண்டுச் சேதத்தைக் கூட்டி, வகுத்து, சராசரி கண்டுபிடித்தன. 1970-களும் 80-களும் ஃபுளோரிடாவுக்கு அமைதியான காலம். அந்த அமைதியையே இயல்பு என்று எண்ணிவிட்டார்கள். இதற்கிடையே கடற்கரையில் வீடுகள் பெருகியிருந்தன. ஆண்ட்ரூ கரையைக் கடந்தவுடன், கேரன் கிளார்க் என்ற பெண் தன் கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்து, இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்று சொன்னார். அனுபவசாலிகள் நம்பவில்லை. கடைசியில் அவருடைய எண்ணும் குறைவாகத்தான் போனது.

அதன்பிறகு பேரிடர் மாதிரிகள் தொழிலின் மையத்துக்கு வந்தன. அவை கடந்த காலச் சேதத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதலில், இயற்பியலுக்கு உட்பட்டு என்னென்ன புயலும் மழையும் வரக்கூடும் என்று பத்தாயிரக்கணக்கான கற்பனை ஆண்டுகளைக் கணினியில் ஓடவிடுகிறார்கள். இரண்டாவது, ஒவ்வொரு கற்பனை வெள்ளத்திலும் எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று பார்க்கிறார்கள். மூன்றாவது, அத்தனை அடி தண்ணீர் ஒரு மண்சுவர் ஓட்டு வீட்டுக்கு என்ன செய்யும், ஒரு கான்கிரீட் வீட்டுக்கு என்ன செய்யும் என்று சேதத்தைக் கணக்கிடுகிறார்கள். கடைசியாக, பாலிசியில் எழுதியபடி யார் எவ்வளவு தருவார் என்பது. இந்த நான்கு படியும் சேர்ந்துதான் இன்று பிரீமியத்தைத் தீர்மானிக்கின்றன.

50 ஆண்டுக்கு ஒருமுறை என்ற பேச்சு எவ்வளவு ஏமாற்றும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த வெள்ளம் எந்த ஒரு ஆண்டிலும் வர 2 சதவீத வாய்ப்பு. 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கிய ஒருவர், கடைசித் தவணை கட்டுவதற்குள் அதைச் சந்திக்கும் வாய்ப்பு 33 சதவீதம், மூன்றில் ஒன்று. 25 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 56 சதவீதம். 1992-க்கும் 2023-க்கும் இடையே 31 ஆண்டு. ஒரே தலைமுறை தன் வீட்டில் இரண்டு முறை சகதி வாரியிருக்கிறது.

ஆனால் ஃபுளோரிடாவின் விலை முழுவதையும் காற்றின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அமெரிக்காவின் மொத்த வீட்டுக் காப்பீட்டுக் கிளைம்களில் 9 சதவீதம் அந்த மாநிலத்தில் எழுந்தபோது, வழக்குகளில் 79 சதவீதம் அங்கே இருந்ததாக மாநிலத்தின் காப்பீட்டுத் துறையே கணக்குக் காட்டியது. வழக்குச் செலவும் பிரீமியத்தில்தான் ஏறும். தனியார் நிறுவனங்கள் பின்வாங்க, 2002-இல் மாநிலம் உருவாக்கிய சிட்டிசன்ஸ் என்ற காப்பீட்டுக் கழகத்திடம் 2023-இல் 14 லட்சம் பாலிசிகள் குவிந்தன. கடைசி அடைக்கலமாகத் தொடங்கியது, அப்போது மாநிலத்தின் மிகப்பெரிய காப்பீட்டாளராக இருந்தது. ஒரு பெரும்புயல் வந்தால் அந்தச் சுமை மறுபடி மக்கள் மீதே விழும்.

நம் விலை எங்கே ஒளிந்திருக்கிறது

இந்தியாவில் 2007 தொடங்கும் வரை தீக்காப்பீட்டுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணப் பட்டியல். புயலும் வெள்ளமும் அந்தப் பாலிசிக்குள்ளேயே அடக்கம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை, 1968 முதல் அரசின் தனித் திட்டம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த வகையில் நம்முடையது தாராளமான ஏற்பாடு. ஆனால் நிலநடுக்கத்துக்கு நாட்டை மண்டலங்களாகப் பிரித்த பட்டியல், வெள்ளத்துக்கு அப்படிப் பிரிக்கவில்லை. குளத்துக்குள் கட்டிய வீட்டுக்கும் குன்றின்மேல் கட்டிய வீட்டுக்கும் ஒரே விலை. இங்கே கட்டாதே என்று சொல்ல வேண்டிய ஒரு குரல் அதனால் எழவே இல்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஒரு பெரிய அதிர்ச்சி வந்தது. சுவிஸ் ரீயின் மதிப்பீட்டில் பொருளாதார இழப்பு குறைந்தது 220 கோடி டாலர், அதில் காப்பீடு ஈடுசெய்தது 75 கோடி டாலர் அளவுக்கு. மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தியாவுக்கு மிக அதிகம். அதற்குக் காரணம் ஆலைகளும் வாகனங்களும் அலுவலகங்களும். ஏழைகளின் வீடுகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆயுள் அல்லாத காப்பீட்டுப் பிரீமியம் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு வாகனத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறது.

2023 வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் தந்தது. மற்றப் பகுதிகளுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாய். சேதமான குடிசைக்கு 10,000, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. நெருக்கடியில் கைக்கு வந்த பணம் பெரிய ஆறுதல், அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டி, மோட்டார், பீரோ, கட்டில், மூட்டை நெல், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றுக்கும் முன்னால் 6,000 ரூபாய் எவ்வளவு? மிச்சச் சேதம் முழுவதும் குடும்பத்தின் தலையில். அதுதான் நம் பிரீமியம், சேதம் நடந்த பிறகு மொத்தமாகக் கட்டுகிறோம்.

பயிர் விஷயத்தில் நிலைமை வேறு. 2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப்பயிருக்கு விவசாயி கட்டுவது காரீப் பருவத்தில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. உண்மையான விலை அதைவிடப் பல மடங்கு. விவசாயி தாங்க மாட்டார் என்பதால் அரசு தருவது சரியே. ஆனால் எந்த வயலுக்கு உண்மை விலை எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. வடிகால் தூர்ந்துபோன வயலுக்கும் தூர்வாரிய வயலுக்கும் அவர் பார்க்கும் எண் ஒன்றே.

விலையைக் குறைப்பது எப்படி

பள்ளத்து 400 வீடுகள் 14,000 கட்ட வேண்டிய அந்த ஊருக்குத் திரும்புவோம். அதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, குளங்களையும் வாய்க்கால்களையும் செம்மைப்படுத்தி 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை 100 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆக்குவது. அப்போது சராசரிச் சேதம் 16 லட்சத்திலிருந்து 8 லட்சமாகும். ஆனால் தயாராக வைத்திருக்க வேண்டிய 8 கோடி அப்படியே இருக்கும். பிரீமியம் 12,000-க்குத்தான் இறங்கும். இரண்டாவது வழி, வெள்ளம் வந்தாலும் சேதம் வீட்டுக்கு 2 லட்சத்திலிருந்து ஒரு லட்சமாகும்படி வீட்டை மாற்றுவது. இப்போது சராசரியும் பாதி, தயார்ப்பணமும் பாதி. பிரீமியம் 7,000.

இந்த வேறுபாடு என்னை மிகவும் கவர்கிறது. வெள்ளத்தைத் தடுப்பது பற்றியே நாம் பேசுகிறோம். வெள்ளத்தைத் தாங்கும் வீடு விலையை இன்னும் வேகமாகக் குறைக்கிறது. தண்ணீரின் ஆழத்துக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. தரைக்கு மேல் முதல் அரை அடியில்தான் சேதம் பாய்ந்து ஏறும். தரை கெடும், மெத்தை நனையும், கீழே இருக்கும் மோட்டாரும் பெட்டியும் போகும். எனவே அஸ்திவாரத்தை இரண்டு அடி உயர்த்துவது, சுவிட்ச் போர்டை இடுப்புக்கு மேலே வைப்பது, நெல்லுக்கும் பத்திரங்களுக்கும் பரணில் இடம் ஒதுக்குவது போன்ற சிறு வேலைகள் சேதக் கணக்கைப் பெரிதாக மாற்றும். உயர்ந்த திண்ணையும் ஏறிப்போகும் படிகளுமாக வீடு கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது. நீர் வரும் திசையில் அதன் சுவர் படகு முனை போலக் கூராக அமைந்து, வேகத்தைப் பிளந்து இருபுறமும் அனுப்பிவிடுகிறது. வெள்ளம் வருமுன் உற்சவ மூர்த்தியை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். மூழ்கும் என்று தெரிந்தே கட்டி, எது நகர வேண்டும் எது நிற்க வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்த கட்டடம் அது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கழுவிவிட்டு வழிபாட்டைத் தொடர்கிறார்கள்.

இதனால் குளத்தை விட்டுவிடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். கரையைப் பலப்படுத்தி, கலிங்கைச் சீர்செய்து, மறுகால் பாயும் ஓடையைத் திறந்துவைத்த குளம் வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கும். உடையும் குளமோ எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத ஆழத்தைக் கொண்டுவரும். மறுகால் ஓடையில் வீட்டுமனை போட்டால் மேலே சொன்ன இரண்டு கணக்கும் சேர்ந்து மோசமாகும். வெள்ளமும் அடிக்கடி வரும், வரும்போது சேதமும் கூடும்.

காப்பீடு இன்று என்ன தர முடியும்

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு அனைத்தும் அதில் அடக்கம். காப்பீட்டுத் தொகை என்பது வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவு, மனையின் விலை இதில் சேராது. கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், அதன் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். குறைவாகக் காப்பீடு செய்திருந்தாலும் அந்த விகிதத்தில் கிளைமை வெட்ட மாட்டார்கள். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசி பலரிடம் இருக்கிறது, அது எதை ஈடுசெய்யும் என்று வாங்கிப் படித்தவர்கள் குறைவு. இன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தனித்தனி வீடுகளால் முடியாததை அரசு மொத்தமாகச் செய்யலாம். இலங்கையில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016-இல் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து, வீட்டுக்கு 25 லட்சம் இலங்கை ரூபாய் வரை இயற்கைப் பேரிடர்க் காப்புறுதி ஏற்பாடு செய்து, அதற்கு மறுகாப்பீடும் வாங்கியது. நாகாலாந்து அரசு மழை அளவை மட்டும் வைத்துப் பணம் தரும் வகைக் காப்பீட்டை வாங்கியிருக்கிறது. மழைமானி குறித்த எண்ணைத் தாண்டினால் சர்வேயர் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பணம் உடனே அரசின் கைக்கு வரும். நம் பள்ளத்தாக்கில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு. மலையில் கொட்டி, சமவெளியில் தூறி, ஊரில் வெள்ளம் வரலாம். ஊரின் மழைமானி அமைதியாக இருக்கும், ஊர் மூழ்கியிருக்கும். அதனால் மழையோடு அணைத் திறப்பையும் ஆற்றின் மட்டத்தையும் சேர்த்து அளவுகோலாக்க வேண்டும். அணைக்கட்டுகளும் அளவுப் பதிவேடுகளும் நிறைந்த தாமிரபரணியில் அது நடக்கக்கூடியதே.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விலையைச் செயற்கையாக அழுத்திவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டமே சாட்சி. குறைந்த கட்டணத்தால் ஆபத்தான இடங்களில் வீடுகள் நிலைத்தன, அதே வீடுகள் திரும்பத் திரும்ப மூழ்கின, திட்டம் பல நூறு கோடி டாலர் கடனில் விழுந்தது. 2021-இல் ஒவ்வொரு வீட்டின் உண்மை ஆபத்துக்கேற்ப விலை மாற்றப்பட்டபோது, பழகிப்போன மக்களுக்கு அது பேரிடியாயிற்று. நான் சொல்ல வருவது இதுதான்: விலையை மறைக்காமல் சொல்லுங்கள், உதவியைத் தனியாகக் கொடுங்கள். இந்த வீட்டின் ஆபத்து ஆண்டுக்கு 14,000 ரூபாய் பெறும், உன்னால் முடிந்தது 2,000, மீதியை அரசு தருகிறது, அஸ்திவாரத்தை உயர்த்தினால் எல்லோருக்கும் குறையும் என்று ஏழைக் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லி உதவலாம். விலையை ஒளித்துவைத்துச் செய்யும் உதவி, அடுத்த வீட்டையும் அதே பள்ளத்தில் கட்ட வைக்கும்.

உண்மை விலை தெரிய, முதலில் தண்ணீர் எங்கே எவ்வளவு நின்றது என்று தெரிய வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியிலேயே இருக்கிறது. 1992-லும் 2023-லும் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்ட ஒவ்வொரு தெருவிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மட்டம் பார்க்கும் கருவியோடு மாணவர்கள் தெருத்தெருவாக இறங்கினால், எந்த வெளிநாட்டு மாதிரியாலும் தர முடியாத வரைபடம் உருவாகும். 1992-ஐப் பார்த்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

அந்த வரைபடம் போய்ச் சேர வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். நம் ஊரில் மனை வாங்குபவர் முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அடமானம் இருக்கிறதா, பாகப்பிரிவினை முடிந்ததா, வழக்கு உண்டா என்று விசாரிக்கிறார். அந்த நிலத்தில் தண்ணீருக்கு இருக்கும் பாத்தியதையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், எந்த ஆண்டு வெள்ளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்ற ஒரு வரி வில்லங்கச் சான்றில் அச்சாகட்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்கட்டும். அந்த ஒரு வரி இருந்தால் வாங்குபவர் பேரம் பேசுவார், கட்டுபவர் அஸ்திவாரத்தை உயர்த்துவார், வங்கி கேள்வி கேட்கும், காப்பீட்டாளர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நியாயமான விலை சொல்வார், பேரூராட்சி மறுகால் ஓடையில் மனை ஒப்புதல் தரத் தயங்கும். வெள்ளத்தின் விலையை நாம் எப்படியும் கொடுக்கப்போகிறோம். சேதத்துக்குப் பிறகு அடகுக்கடையில் கொடுப்பதைவிட, முன்னாலேயே தெரிந்து, பகிர்ந்து, குறைத்துக் கொடுப்பது அறிவு.